ஆரம்பக் கணிதமும் வீட்டு மொழியும்

மாணவர்களே! "ஆரம்ப வகுப்புகளில் கணிதம் தாய்மொழியிலேயே கற்பிக்கப்பட வேண்டும்" என்பது போன்ற தலைப்பு கட்டுரைக்கோ விவாதத்துக்கோ வந்தால், பலர் தாய்மொழியின் இனிமையைப் புகழ்ந்தே ஒரு பக்கத்தை நிரப்பிவிடுகின்றனர். கணிதம் பற்றி ஒரு வரியும் இராது. அவ்வாறான விடைக்குப் புள்ளி கிடைப்பது கடினம். எனவே நாம் கணிதத்திலிருந்தே தொடங்குவோம்.

"24 இனிப்புகளை 6 பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை கிடைக்கும்?" வீட்டில் தமிழ் மட்டும் பேசும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இக்கணக்கை வேறொரு மொழியில் கொடுத்துப் பாருங்கள். 24, 6 ஆகிய எண்கள் விளங்கும். "சமமாக", "ஒருவருக்கு" ஆகிய சொற்கள் விளங்கா. பிள்ளை இரண்டையும் கூட்டி 30 என எழுதிவிடலாம். ஆசிரியர் பிழை போடுவார். வகுத்தல் தெரியாததால் வந்த பிழையா, மொழி தெரியாததால் வந்த பிழையா என்பதை அந்தச் சிவப்புக் கோடு சொல்லாது. இதுவே உங்கள் விடையின் மையக் கருத்தாக அமைய வேண்டும்.

அடுத்து, பாடசாலைக்கு வருமுன்பே பிள்ளையிடம் கணிதம் உண்டு என்பதை மனங்கொள்க. பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளரும் பிள்ளை, "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று தாய் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கும். ஒரு நாட் சம்பளத்தில் பாதி என்பது அதற்கு நன்றாகவே தெரியும். "இரண்டில் ஒன்று" என்ற பாடநூற் சொல்லை அந்த அரைப்பேரிலிருந்து தொடங்கினால் பின்னம் அந்நியமாகத் தோன்றாது. "முக்கால்" என்பது மூன்று கால். பழைய அளவைச் சொல்லான "அரைக்கால்" என்பது காலில் அரை, அதாவது 1/2 × 1/4 = 1/8. நீங்கள் கற்ற பின்னப் பெருக்கல் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றது!

தமிழிலும் முட்கள் உண்டு. 80 எண்பது, 90 மட்டும் "நூறு" ஒலிக்கும் தொண்ணூறு. அவ்விடத்தில் சிறுவர் தடுமாறுவர். தாய்மொழி என்பதனால் எல்லாம் தானாக விளங்கிவிடும் என எழுதிவிடாதீர்கள்.

சான்றுகளும் தேவை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கை ஆரம்பக் கல்விக்குத் தாய்மொழியைப் பரிந்துரைத்தது. 1978 அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை தேசிய மொழிகளுள் ஒன்றில் கல்வி பெறும் உரிமையை வழங்குகின்றது. எனினும் தோட்டங்களின் கதை சற்று வேறானது. தோட்டப் பாடசாலைகளில் தமிழ் இருந்தது. ஆரம்ப வகுப்புகளுக்கு மேல் படிக்கத்தான் பெரும்பாலும் வழி இருக்கவில்லை. அரசாங்கம் அவற்றை 1977 முதல் படிப்படியாகவே பொறுப்பேற்றது.

ஊவாவில் சில பெற்றோர் பிள்ளைகளைச் சிங்கள மொழிமூலப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர். அவர்களைக் குறை கூறுவது எளிது. அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலையில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவு இல்லாதபோது அவர்கள் என்ன செய்வர்? இவ்வாதத்தை மறைக்காமல் எழுதிப் பதில் கூறுங்கள். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் மொழிப் பாடங்களாக நன்கு கற்பிக்கலாம். அதற்காக வகுத்தலை விளங்காத மொழியில் கற்பிக்க வேண்டியதில்லை. மலேசியா 2003 இல் தமிழ்ப் பாடசாலைகளிலும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றத் தொடங்கியது. 2009 இல் அக்கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. அம்முடிவை எதிர்த்த பெற்றோரும் அங்கு இருந்தனர்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் அல்லது லயத்தில் வழங்கும் அளவைச் சொற்கள் ஐந்தினை எழுதி, அவற்றைப் பின்னமாகவோ எண்ணாகவோ காட்டுக.

2. தரம் 3 இல் படிக்கும் தம்பி அல்லது தங்கையின் கணிதக் கொப்பியில் பிழையான ஒரு வசனக் கணக்கைத் தெரிந்து, அதனை வீட்டுப் பேச்சில் மீண்டும் கேளுங்கள். கிடைத்த விடையை 150 சொற்களில் விளக்குக.