கொழுந்துக் காசும் கல்லூரிக் கட்டணமும்

ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்த வாரங்களில் கேமரன் மலையின் தானா ராத்தா பக்கம் போனால், தேநீர்க் கடை மேசைகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை எங்கே சேர்ப்பது, காசுக்கு எங்கே போவது? “பெத்தவங்கதான் கட்டணும், இதுல என்ன கேள்வி?” என்பார் ஒருவர். “பதினெட்டு வயசாச்சு, அவனே பாத்துக்கட்டும்” என்பார் எதிரே இருப்பவர். இருவர் கையிலும் பாதிச் செய்திதான் இருக்கும். தீர்ப்பை மட்டும் முழுதாகச் சொல்வார்கள். அந்த மேசைகளில் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை இந்த முறை எடுத்துக்கொள்வோம்.

“பதினெட்டோட சட்டக் கடமை முடிஞ்சுது”

ஒரு காலத்தில் இது சரியாகவே இருந்தது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்துக்கும் மணமுறிவுக்கும் உரிய 1976ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைக்கான பராமரிப்புத் தொகையைப் பொதுவாகப் பதினெட்டு வயதோடு நிறுத்தியது. உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு மட்டும் விலக்கு இருந்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளையும் ஒருவகையில் பிறரை அண்டித்தானே இருக்கிறது என்ற வாதம் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2004இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மேற்படிப்பு அந்த விலக்கில் அடங்காது, வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றட்டும் என்றது.

நாடாளுமன்றம் 2017இல் மாற்றியது. 2018 டிசம்பர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ முடிக்கும்வரை பராமரிப்புத் தொகை தொடர வழி பிறந்தது. ஆனால் இது மணமுறிவு, கைவிடல் போன்ற வழக்குகளில் நீதிமன்றம் இடும் ஆணையைப் பற்றிய சட்டம். ஒரே கூரையின் கீழ் வாழும் அப்பா அம்மாவிடம் “கட்டணத்தைக் கட்டு” என்று அது சொல்லவில்லை. ஜெர்மனியில் அப்படியும் இருக்கிறது. பிள்ளையின் முதல் தொழிற்கல்விச் செலவு பெற்றோர் பொறுப்பு என்று அந்நாட்டுக் குடிமைச் சட்டமே சொல்கிறது. பெற்றோர் மேல் வழக்குப் போட்டுப் படித்த பிள்ளை பண்டிகைக்கு வீட்டுக்கு வருமா என்பதைத்தான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் காணோம்.

“காசு இல்லாம காலேஜ் இல்ல”

கேமரன் மலையில் என்னை அதிகம் வருத்தும் நம்பிக்கை இதுதான். அவசரமாகத் தவறான இடத்தில் கையெழுத்துப் போட வைப்பதும் இதுதான்.

அரசுப் பள்ளியில் ஆறாம் படிவம் படித்து எஸ்டிபிஎம் தேர்வு எழுதுவதற்குப் பெரிய செலவு கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, படிக்காசும் உண்டு. பாலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக்கான கட்டணம் இருநூறு வெள்ளி அளவில்தான். பொதுப் பல்கலைக்கழகத்தில் படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. மாணவர் கட்டுவது அதில் ஒரு சிறு பங்கு.

வழி சீராக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மெட்ரிகுலேஷன் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு மலாய்க்காரர், பழங்குடியினர் அடங்கிய பூமிபுத்ராக்களுக்கு. இந்தியர்களுக்கான இடங்கள் 2018இல் 2,200 ஆக உயர்த்தப்பட்டன. பத்து ஏ எடுத்த எவருக்கும் இன வேறுபாடின்றி இடம் என்று பிரதமர் அன்வார் அறிவித்தது 2024இல்தான். மலையை விட்டு இறங்கினால் தாப்பாவிலேயே பூமிபுத்ராக்களுக்கான யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று இருக்கிறது. கூட்டாளியான செமாய்ப் பழங்குடிப் பிள்ளை அங்கே விண்ணப்பிக்கலாம், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை விண்ணப்பிக்க முடியாது. ஆக, பக்கத்தில் இருக்கும் கதவு மூடியிருக்க, தூரத்துக் கதவைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலுக்கு நேரம் பிடிக்கும். பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

தனியார் கல்லூரி காத்திருக்கச் சொல்லாது. முடிவு வந்த கையோடு அழைப்பு வரும், “இன்றே பதிந்தால் கழிவு” என்பார்கள், ஒரு மடிக்கணினியும் தருவார்கள். நல்ல தனியார் கல்லூரிகள் இல்லாமல் இல்லை. ஆனால் கையெழுத்துக்கு முன் அந்தப் படிப்புக்குக் கல்வித் தகுதி முகமையான எம்கியூஏவின் அங்கீகாரம் உண்டா என்று அதன் பதிவேட்டில் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைக்காது. கடன் கிடைத்தாலும் தனியார் கட்டணம் முழுவதையும் அது பல நேரம் அடைக்காது. மிச்சத்துக்குத்தான் அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போகிறது, இல்லையென்றால் ஆலோங் எனப்படும் சட்டவிரோதக் கடன்காரரின் எண்ணைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

“இபிஎப்ல கெடக்குற காசுதானே, எடுத்துக் கட்டிடலாம்”

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும்.

கொழுந்து எடுப்பவரின் சம்பளமாகக் குறைந்தபட்ச ஊதியத்தையே வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் அது 1,700 வெள்ளி. தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. இரண்டும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி இபிஎப் சேமநிதிக்குப் போகிறது. 2024 மே மாதம் முதல் அந்தப் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. ஓய்வுக்காலக் கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்திராவுக்கு 15, அவசரத்துக்கு எடுக்கும் பிளெக்சிபலுக்கு 10. கல்விக்காக எடுப்பது செஜாத்திராவிலிருந்து. 408இல் 15 விழுக்காடு என்றால் 61 வெள்ளி 20 காசு. ஆண்டுக்கு 734 வெள்ளி. லாப ஈவை விட்டுவிட்டுப் பார்த்தால், இருபது ஆண்டு குனிந்து நிமிர்ந்து சேர்ப்பது 14,700 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. முன்பு இரண்டாம் கணக்குக்கு 30 விழுக்காடு போனது. அதனால் மூத்த தொழிலாளிகளிடம் கூடுதலாக இருக்கலாம், ஆனால் அன்றைய சம்பளமும் குறைவு. 2013இல் குறைந்தபட்ச ஊதியம் முதன்முதலில் வந்தபோது தீபகற்பத்தில் அது 900 வெள்ளிதான்.

இதே செஜாத்திரா கணக்கிலிருந்துதான் வீடு வாங்கவும் பணம் எடுக்கலாம். பட்டணத்தில் அடுக்குமாடி வாங்கிவிட்ட குமாஸ்தாவுக்கு இது ஒரு தகவல் மட்டுமே. தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கோ இதுதான் முழு விஷயமும். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முப்பது வருடம் அவர் துடைத்து வைத்த திண்ணையில் அடுத்த தொழிலாளி வந்து உட்காருவார், அவர் இன்று பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரராகவோ நேப்பாளியாகவோ இருப்பார். அப்போது தலைக்கு மேல் கூரை வாங்க முன்பணம் தர வேண்டிய காசுதான், இரண்டு வருட டிப்ளோமாவில் போய்விடுகிறது.

அதனால் தோட்டத்துப் பெற்றோர் படிப்புக்குக் கட்டலாமா என்று கேட்டால், எந்தக் காசிலிருந்து என்று நான் திருப்பிக் கேட்பேன். சம்பளத்தில் மிஞ்சியதோ சீட்டு எடுத்ததோ காய்கறி விற்ற பணமோ என்றால் தாராளமாகக் கட்டுங்கள். செஜாத்திரா என்றால் வேண்டாம். “அப்புறம் அவன் பாத்துப்பான்” என்ற நம்பிக்கையில் கட்டுவது அதைவிட மோசம். பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஆனால் சிங்கப்பூர் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டமே போட வேண்டி வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு என்ன தேவை?

“கடன் எடுத்தா புள்ள வாழ்க்கையே போச்சு”

1997இல் தொடங்கிய பிடிபிடிஎன் மேல் இந்தப் பயம் வரக் காரணம் இருந்தது. பழைய கட்டண விகிதம் கூடுதல். கட்டத் தவறியவர்கள் வெளிநாடு போக முடியாதபடி தடை இருந்தது, 2018இல் புதிய அரசு வந்தபின் அதை நீக்கினார்கள். 2008 முதல் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு. படிப்பு முடிந்து பன்னிரண்டு மாதம் கழித்தே திருப்பிக் கட்டத் தொடங்கலாம். முதல் வகுப்பில் பட்டம் பெறுவோருக்குக் கடன் விலக்கும் உண்டு. அதன் நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் ஆண்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அடகுக்கடை வட்டியோடு இதை ஒப்பிட்டாலே போதும். வேலைக்குப் போகும் இருபத்து நான்கு வயதுக்காரருக்குத் தவணை கட்டப் பல வருடம் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு இல்லை.

“சொந்தக் காசுல படிச்சாத்தான் அருமை தெரியும்”

இதில் பாதி உண்மை. அமெரிக்கச் சமூகவியலாளர் லாரா ஹாமில்டன் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் கூடுதலாகப் பணம் தரத் தர மாணவரின் மதிப்பெண் சராசரி இறங்கியது. அதே பணம் அவர்கள் பட்டத்தை முடிக்கும் வாய்ப்பைக் கூட்டியது. அமெரிக்கப் பணக்காரப் பிள்ளையை வைத்துத் தானா ராத்தா பிள்ளையை முழுதாக அளக்க முடியாதுதான். ஆனாலும் இரவு முழுக்க உணவகத்தில் தட்டுக் கழுவிவிட்டுக் காலை விரிவுரையில் தூங்குவதை ‘அருமை தெரிவது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ஒண்ணு அப்பன் கட்டணும், இல்லாட்டி மவன் கட்டணும்”

நம் வரலாறே இதற்கு மறுப்பு. பத்தோ அதற்கு மேலோ பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொல்லியது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கும்போதே அந்தச் சட்டம் இருந்தது. முதலாளி கொடுத்தது ஆனா ஆவன்னா அளவுக்குத்தான். அதற்கு மேலே போனதற்குச் சமூகம் கை கொடுத்தது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர் மாதாமாதம் கட்டிய சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி வருகிறது. 1982இல் டாக்டர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தேர்வுக்குத் தயார் செய்வதையே ஓர் இயக்கமாக்கியது. ம.இ.கா. கட்சியின் கல்வி அமைப்பான எம்ஐஇடி கல்விக் கடன் தருகிறது. இவை எதுவும் வீடு தேடி வராது, விண்ணப்பப் பாரத்தைத் தேடிப் போக வேண்டும்.

இனி, பெற்றோர் கண்டிப்பாகக் கட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது. கடன் பணம் கல்லூரி திறந்த அன்றே கையில் விழாது. பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், மெத்தை, வாளி, முதல் மாதச் சாப்பாடு, மலையிலிருந்து இறங்கும் பேருந்துக் கட்டணம் எல்லாம் அதற்கு முன்னாலேயே கேட்கும். பொதுப் பல்கலைக்கழகத்தில் சேரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு பிடிபிடிஎன் 1,500 வெள்ளி முன்பணம் தருகிறது, கேட்டு வாங்க வேண்டும். அதற்கும் பற்றாத சில நூறு வெள்ளி இல்லாமல்தான் கிடைத்த இடத்தை விட்டுவிட்டுப் பிள்ளை கீரைத் தோட்டத்து வேலைக்குப் போய்விடுகிறது.

பிடிபிடிஎன் கடன் விண்ணப்பத்துக்கு எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு கட்டாயம். இருபது வெள்ளியில் திறக்கலாம். பிள்ளை ஐந்தாம் படிவம் வரும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வகுப்பில் சேர்த்த அன்றே திறந்து மாதம் பத்து வெள்ளி போட்டு வந்தால், எஸ்பிஎம் முடிவு வரும்போது அதில் 1,300 வெள்ளிக்கு மேல் இருக்கும். தானா ராத்தாவின் பிரீசியா முனையத்தில் பேருந்து ஏற அது போதும்.