மீன்குழம்பில் மாத்திரை கலக்கலாமா?

கேள்வி: வீட்டுக்காரரின் குடியை நிறுத்த, அவருக்குத் தெரியாமல் மீன்குழம்பில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: கூடவே கூடாது அம்மா. நீங்கள் கேள்விப்பட்டது டைசல்ஃபிரமாக இருக்கும். அதைத் தின்றது தெரியாமல் குடித்தால் உடம்பில் அசிட்டால்டிஹைடு தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். ரத்த அழுத்தம் சரிந்தால் உயிருக்கே ஆபத்து. அவர் சம்மதத்தோடு, மருத்துவர் சொல்லித்தான் தர வேண்டும். குடிக்கும் வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மருந்துகளும் உண்டு. மனநல ஆலோசனையும் சேர்ந்தால்தான் பலன் நிலைக்கும்.

விரதத்துக்கு மாலை போட்ட கையோடு குடியை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் நெடுநாள் மொடாக்குடியர் சட்டென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுக்காரர் வர மறுத்தால், 14446 என்ற இலவச எண்ணில் நீங்களே பேசலாம்.