ஆங்கிலம் தெரிந்தும் வாய் திறவாத பிள்ளைகள்

பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, கடை வாசலில் ஒரு வெளிநாட்டுப் பயணி வந்து நின்று விலை கேட்டால், உள்ளே ஓடி அத்தாவைக் கூப்பிடுகிறான். அத்தாவோ நான்காம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். ஆயினும் தெரிந்த பத்துச் சொற்களையும் கைவிரல்களையும் கொண்டு வியாபாரத்தை முடித்துவிடுகிறார். நம் கடைகளில் இந்தக் காட்சியைப் பலரும் கண்டிருக்கலாம். கண்டு சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

இது பிள்ளையின் மந்தம் அன்று. வாசித்தால் விளங்கும் சொல் வேறு. வேண்டிய நேரத்தில் வாயில் வந்து நிற்கும் சொல் வேறு. கிடங்கில் நூறு வகைச் சரக்கு இருக்கலாம். கேட்டவுடன் கை எட்டும் இடத்தில் இருப்பது எத்தனை? நம் பிள்ளைகளின் ஆங்கிலம் பெரும்பாலும் கிடங்கிலேயே கிடக்கிறது.

மலேசியாவில் 2021 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்.பி.எம். ஆங்கிலப் பரீட்சையில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்குக்கும் தனித்தனித் தாள் உண்டு. பேச்சுத் தேர்வில் இரண்டு மாணவர்கள் சேர்ந்து அமர்கிறார்கள். முதலில் தேர்வாளரின் கேள்விக்குப் பதில். பிறகு ஒரு பொருளைப் பற்றித் தனியே தொடர்ந்து பேசுதல். மூன்றாவதாக இருவரும் தங்களுக்குள் கலந்து பேசுதல். மனப்பாடம் செய்த கட்டுரை முதல் இரண்டில் ஓரளவு உதவினாலும் மூன்றாவதில் கைவிட்டுவிடும். எதிரே இருப்பவன் என்ன சொல்வான் என்பது யாருக்குத் தெரியும்?

வியாபாரிகளாகிய நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் முன்னோர் மலாய் மொழியை எந்தப் பள்ளியில் கற்றார்கள்? சந்தையிலும் துறைமுகத்திலும் தப்பும் தவறுமாகப் பேசித்தானே கற்றார்கள்? வாங்க வந்தவர் சிரித்தால் தாமும் சேர்ந்து சிரித்தார்கள். மறுநாள் அதே சொல்லைத் திருத்திச் சொன்னார்கள். அந்தத் துணிச்சல் பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை? பிழை செய்தால் பள்ளியில் சிவப்பு மை, வீட்டில் கேலி. இரண்டுக்கும் அஞ்சி வாயை மூடிக்கொள்கிறார்கள். பள்ளியின் சிவப்பு மைக்கு ஒரு காரணம் உண்டு. வீட்டுக் கேலிக்கு என்ன காரணம் என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை.

உச்சரிப்பைப் பற்றி நம் பெற்றோர் மிகவும் கவலைப்படுகிறார்கள். ஆனால் மதரஸாவில் முறையாக ஓதக் கற்ற பிள்ளைக்கு ஆங்கிலத்தின் கடினமான ஒலிகளிற் சில முன்பே கைவந்தவை. 'திங்க்' என்ற சொல்லின் முதல் ஒலி, நாவின் நுனியைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் அரபு 'ஸா' எழுத்தின் ஒலிதான். 'திஸ்' என்பதன் முதல் ஒலி 'தால்' எழுத்துக்கு மேல் புள்ளி வைத்தால் வரும் எழுத்தின் ஒலி. 'ஃபா'வும் அப்படியே, 'ஸூ' என்று மிருகக்காட்சி சாலையைச் சொல்லும்போது வரும் அதிரும் ஒலியும் அப்படியே. 'வாட்டர்' என்பதை இதழ் குவித்துச் சொல்ல வேண்டும், பல் இதழில் படக்கூடாது. இது 'வாவ்' எழுத்தின் பாடம். பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவனிடம் இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை, இருப்பதை இடம் மாற்றி வைக்கச் சொல்கிறோம் என்பது அவனுக்கே புரியும். நாம் செய்யும் வழக்கமான பிழை வேறு: 'புக்கு', 'லைட்டு' என்று சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிவிடுகிறோம். அதை நிறுத்தினாலே பாதி தெளிவு வந்துவிடும்.

ஒலியைவிட முக்கியமானது அழுத்தம். ஏற்றுமதி என்ற பெயராக 'எக்ஸ்போர்ட்' வரும்போது முதற்பகுதியில் அழுத்தம்; ஏற்றுமதி செய் என்ற வினையாக வரும்போது பின்பகுதியில். 'இம்போர்ட்' என்பதும் அவ்வாறே. எண்களில் இது பணத்தையே தொடுகிறது. ஒருமுறை தொலைபேசியில் பதினைந்து பெட்டி பிஸ்கட் கேட்டேன். ஐம்பது பெட்டி வந்து இறங்கியது. அனுப்பியவர் மேல் குற்றமில்லை. 'ஃபிஃப்டீன்' என்பதன் கடைசிப் பகுதியை நீட்டி அழுத்தி, 'ன்' ஒலியைத் தெளிவாக முடிக்க வேண்டும். 'ஃபிஃப்டி'யில் அழுத்தம் முதலில். நான் இரண்டுக்கும் நடுவே எதையோ சொல்லியிருக்கிறேன். அன்று முதல் 'ஒன் ஃபைவ்' என்று இலக்கங்களைப் பிரித்தும் சொல்லிவிடுகிறேன். மீந்த பிஸ்கட்டை விற்க இரண்டு மாதம் ஆயிற்று!

இனிச் சொல்வளம். அகராதியைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யச் சொல்லும் தகப்பனார்கள் இன்றும் இருக்கிறார்கள். வீண் உழைப்பு. டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் என்பார், மாணவர்களுக்கு மிகவும் பயன்படும் சுமார் 2,000 சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். அன்றாடப் பேச்சின் மிகப் பெரும் பகுதி இத்தகைய சில ஆயிரம் சொற்களுக்குள்ளேயே ஓடுகிறது. அவற்றை வாய்க்குக் கொண்டுவந்த பிறகு அரிய சொற்களைத் தேடலாம்.

சொல்லைத் தனியே எழுதிவைப்பதும் போதாது. அது எதனோடு சேர்ந்து வரும் என்பதையும் எழுத வேண்டும். பொருள் 'எக்ஸ்பென்சிவ்' ஆகலாம். விலை 'ஹை' என்றுதான் வரும். தமிழில் 'லைட்டைப் போடு' என்று நினைப்பவன் 'புட் த லைட்' என்பான். மலாயில் 'புக்கா லம்பு' என்று நினைப்பவன் 'ஓப்பன் த லைட்' என்பான். 'டர்ன் ஆன் த லைட்' என்று முழுத்தொடராகக் கற்றவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து தொடர்கள் போதும், கடையிலேயே கிடைக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட வாசகம், பட்டியல், வாடிக்கையாளர் கேட்ட கேள்வி எல்லாம் பாடந்தான்.

எழுதியதை மறுபடி பார்க்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கற்றது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறந்துபோவதைக் காட்டினார். ஆகையால் மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். பாக்கிக்காரரை நாம் விட்டு விட்டு ஞாபகப்படுத்துவதில்லையா, அதே வழிதான்.

பேச்சு தடையின்றி வர மொழியாசிரியர்கள் கையாளும் ஒரு பயிற்சி எளியது. ஒரு செய்தியை நான்கு நிமிடத்தில் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அதையே மூன்று நிமிடத்தில் இன்னொருவரிடம், பிறகு இரண்டு நிமிடத்தில் வேறொருவரிடம். விஷயம் மாறுவதில்லை, ஆதலால் வாய் சரளத்தில் கவனம் செலுத்துகிறது. கேட்க ஆளில்லையேல் கைபேசியில் பதிவு செய்து தானே கேட்கலாம். தன் குரலைக் கேட்க முதல் நாள் எல்லாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

கலந்து பேசும் தேர்வுக்கு அண்ணன் தங்கையே போதும். புதிய அலமாரியைக் கடையில் எங்கே வைப்பது என்று இருவரும் ஆங்கிலத்தில் வாதாடட்டும். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பது, ஒப்புக்கொள்வது, மறுத்துக் காரணம் சொல்வது எல்லாம் பேரம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதல்லவே.

ஆங்கிலம் அறியாத அத்தாவும் அம்மாவும் செய்யக்கூடியது உண்டு. கடை அடைத்தபின் கால்மணி நேரம் நீங்கள் வாங்க வந்தவராகுங்கள், பிள்ளை கடைக்காரனாகட்டும். நீங்கள் தமிழிலோ மலாயிலோ கேளுங்கள், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். இடையில் மறிக்காதீர்கள். தடுமாறினால் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். விலை கூடுதல் என்று முகத்தைச் சுளித்துப் பேரமும் பேசுங்கள். கல்லாவை எண்ணி முடித்த கையோடு, இன்றிரவே தொடங்கலாம்.