நாய் பூனை வாய்பட்ட உணவு

நண்பகல் இடைவேளையிலே ஒரு மாணாக்கன் தன் சோற்றுப்பொதியை வாங்கின்மேல் அவிழ்த்து வைத்துவிட்டுக் கைகழுவச் செல்கின்றான். அவன் திரும்பி வரும்போது, பாடசாலையிலே வளரும் பூனை பொதியின் ஓரத்திலே வாய்வைத்து நிற்கின்றது. "எச்சில், வீசிவிடு" என்கின்றான் ஒருவன். "ஓரத்தைத் தள்ளிவிட்டு மிகுதியை உண்" என்கின்றான் மற்றொருவன். பொதிக்குரியவனுக்கோ வேறு உணவில்லை. எல்லாரும் ஆசிரியர் முகத்தை நோக்குகின்றனர். அப்பொழுது ஆசிரியர் யாது சொல்லல் வேண்டும்? இதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஆசாரம் வேறு, நோய் வேறு எனப் பிரித்தறிதல் வேண்டும். பிராணிகள் வாய்வைத்த பதார்த்தம் சுவாமிக்கு நிவேதித்தற்கும் விருந்தினர்க்குப் படைத்தற்கும் ஆகாதென்பது நம்மவர் யாவரும் அறிந்ததே. அதனை உண்டால் நோய் வருமா என்பது வேறு வினா. நாம் அருவருத்தலினாலே ஒரு பொருள் நஞ்சாகிவிடாது. நாம் அன்போடு வளர்த்தலினாலே ஒரு பிராணியின் வாய் தூய்மையாகியும் விடாது.

நாயும் பூனையும் தம் உடம்பையும் மலவாயிலையும் நாவினாலே நக்குவன. எலி, பல்லி முதலியவற்றையும் கவ்வுவன. ஆதலால், வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் விளைக்கும் சல்மனெல்லா, கம்பைலோபக்டர் என்னும் கிருமிகள் அவற்றின் வாயிலும் பாதத்திலும் இருத்தல் கூடும். பிராணி சுகமாகத் திரியும்போதும் அவை அதனிடத்து இருத்தல் உண்டு. ஆயினும், வாய்பட்டதை ஒருமுறை உண்டார் எல்லாரும் நோயுறுவர் என்பதில்லை. ஆகவே அஞ்சி நடுங்குதலும் தகாது. அசட்டை செய்தலும் தகாது. நான்கு வினாக்களை முறையே கேட்டுத் தீர்மானித்தலே தக்கது.

முதலாவது, உண்பவர் யார்? சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயினாலே தளர்ந்தோர் ஆகிய இவர்களுக்கு வாய்பட்ட உணவை எவ்வாற்றானும் கொடுத்தலாகாது. சுகதேகிக்குச் சிறு உபாதையாய் ஒழிவது இவர்களுக்குப் பெருநோயாய் முடிதல் கூடும்.

இரண்டாவது, உணவு எத்தன்மையது? பால், சோறு, கறி, சம்பல் போன்ற ஈரமுள்ளவற்றிலே உமிழ்நீர் எவ்வளவு பரவிற்றென்று கண்ணாற் காணல் இயலாது. ஓரத்தை நீக்குதலாற் பயனில்லை. தோல் கிழியாத வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் நன்றாகக் கழுவித் தோலுரித்து உண்ணலாம்.

மூன்றாவது, எவ்வளவு நேரம் சென்றது? 5 பாகை முதல் 60 பாகை சதமளவு வரையுள்ள சூட்டிலே கிருமிகள் விரைந்து பெருகும். நம் நாட்டு நண்பகல் வெப்பம் இதனுள் அடங்குதலால், திறந்து கிடந்த உணவிலே சிறிது கிருமியும் சில மணி நேரத்திற் பலவாகும்.

நான்காவது, மீளக் காய்ச்சலாமா? பூனை வாய்வைத்த அப்பொழுதே கண்டு, பாலைப் பொங்கக் காய்ச்சின், இக்கிருமிகள் இறக்கும். ஆனால், நெடுநேரம் கிடந்த உணவிலே சில கிருமிகள் உமிழ்ந்த நஞ்சு கொதித்தலாலும் நீங்காது. காய்ச்சுதல் எல்லாவற்றையும் தீர்க்குமென்று எண்ணுதல் தவறு.

இனி, இவை எல்லாவற்றினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. அது உணவிலன்று, அதனைப் பறித்தலிலே உள்ளது. பசித்த சிறுவன் நாயின் வாயினின்று பொதியை இழுக்கப் போய்க் கடியுறுகின்றான். அடிபடுவோமென்று அஞ்சி அதனை மறைக்கின்றான். விசர்நாயின் உமிழ்நீரிலுள்ள நோய்க்கிருமி கடியினாலும் கீறலினாலும் உடம்பினுட் புகும். நோயின் குறிகள் தோன்றியபின் பிழைத்தார் மிக அரியர். லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டிலே மனிதர்க்கு இட்டுக் காட்டிய தடுப்பூசி முறை பின்னர் மிகத் திருந்தியுள்ளது. காலந் தாழ்த்தாது இட்டால் அது உயிரைக் காக்கும். ஆதலால், கடியோ கீறலோ பட்ட இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங் கழுவி, உடனே வைத்தியசாலைக்கு அனுப்புக. உண்மை சொன்ன பிள்ளையைத் தண்டியாதொழிக.

இப்பொழுது அம்மாணாக்கனிடம் மீள்வாம். அவன் பொதி சோறுங் கறியும் ஆதலால் நீக்கத்தக்கதே. ஆயினும் "வீசிவிடு" என்று சொல்லி அமைதல் பாதித் தீர்ப்பேயாம். பசித்த பிள்ளை ஆசிரியர் அகன்றபின் அதனையே மறைவில் உண்பான். ஆசிரியர் தம் உணவிலே ஒரு பங்கை முதலில் இட்டு, மற்றைய பிள்ளைகளையும் தத்தம் பொதியிலிருந்து ஒவ்வொரு பிடி இடச் செய்க. அவன் நாணும்படி யாதொன்றும் கூறற்க. அதன்பின் வாங்கைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவிக்க.

பூனையை அடித்தலும் வேண்டா. திறந்து வைத்தது நம் பிழையே. நம் முன்னோர் பாற்பானையை உறியிலே தூக்கினர். கறிச்சட்டியை மூடியிட்டு வைத்தனர். அவ்வழக்கத்தின் காரணத்தை வகுப்பிலே விளக்கி, கைகழுவிய பின்னரே பொதியை அவிழ்க்கும்படி பழக்குதல் ஆசிரியர் கடன். காரணமறிந்து பழகிய பிள்ளை வீட்டிற்குச் சென்று தன் தம்பி தங்கையர்க்கும் அதனைச் சொல்லும்.