வீட்டுக்குள் ஒரு வீடியோ நூலகம்



பாட வீடியோக்களை ஒரு கம்ப்யூட்டரில் சேமித்து வைத்தால், வீட்டிலுள்ள செல்போன், டிவி எல்லாவற்றிலும் வைஃபை வழியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் டேட்டா செலவாகாது. இப்படி எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். அதற்கு எது நல்லது?

1. மின்சாரம்: நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 வாட் கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். 60 நாளில் 144 யூனிட்! நம் மாநிலத்தில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஆக்கினார்கள். அது முழுக்க இதுக்கே போயிடும். அப்புறம் லைட்டு, ஃபேனுக்கு? 15 வாட் லேப்டாப் என்றால் 21.6 யூனிட்தான்.

2. பிராசஸர்: வீடியோவை அப்படியே அனுப்ப பழைய பிராசஸரே போதும். வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புவதுதான் கஷ்டமான வேலை. எச்.264 வடிவ வீடியோ ஏறக்குறைய எல்லா போனிலும் ஓடும், மாற்றவே வேண்டாம்.

3. ஹார்ட் டிஸ்க்: ஒரு மணி நேரப் பாடம் 1 ஜிபி என்றால் 320 ஜிபியில் சுமார் 300 பாடம் வைக்கலாம். டிஸ்க் ஒருநாள் கெடும். அதனால் முக்கியமானதை இன்னொரு இடத்திலும் வையுங்கள்.

4. பேட்டரி: லேப்டாப்பில் இது நன்றாக இருந்தால் கரண்ட் போனாலும் டக்குனு அணையாது.

ஜெல்லிஃபின் என்ற சர்வர் மென்பொருள் இலவசம். 2011-இலிருந்து அரசு கொடுத்த லேப்டாப் அண்ணன், அக்காவிடம் சும்மா கிடக்கிறதா? புதுசு வாங்கும் முன் அதைத் தூசி தட்டிப் பாருங்கள்!