ஆச்சியின் முகமும் ஐந்தாறு புத்தகங்களும்

அன்புள்ள யாழினி,

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. நாவல் எழுதுகிறவள் கட்டாயம் படிக்கவேண்டிய நூறு புத்தகங்களைச் சொல்லுங்கள் பெரியப்பா என்பது ஒன்று. எழுதிக்கொண்டிருக்கும்போது பெரிய எழுத்தாளர்களைப் படித்தால் அவர்கள் நடை வந்து ஒட்டிக்கொள்கிறது, படிப்பதையே நிறுத்திவிடட்டுமா என்பது இன்னொன்று. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இரண்டு கேள்வியையும் ஒரே தாளில் எழுதியிருக்கிறாய். அறுபது பக்கத்தில் நாவல் நின்றுபோனால் யாருக்கும் இப்படித்தான் கேட்கத் தோன்றும்.

பட்டியல் தரப்போவதில்லை. பட்டியல் போட்டுப் படித்து நாவலாசிரியர் ஆனவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. உனக்குப் பிடித்த மார்க்கேஸ் எதை எப்போது படித்தார், அது அவரை என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். 'தனிமையின் நூறு ஆண்டுக'ளைத் தமிழில் இரண்டு முறை படித்தேன் என்றாயே, அதற்குப் பின்னால் இருக்கும் புத்தகங்கள் இவை.

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1927இல் கொலம்பியாவின் கரீபியக் கரைப் பக்கம் அரகாட்டாகா என்ற வாழைத்தோட்ட ஊரில் பிறந்தவர். வளர்ந்தது தாய்வழித் தாத்தா பாட்டியிடம். தாத்தா உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட கர்னல். பேரனுக்கு அகராதியை அறிமுகம் செய்தவர். பாட்டி திராங்கிலினா, செத்துப்போனவர்களைப் பக்கத்து அறையில் படுத்திருப்பவர்களைப்போல நினைத்துப் பேசுகிறவர். வீட்டில் ஒரு பெட்டிக்குள் தாறுமாறாகக் கிடந்த பழைய புத்தகம் ஒன்றைத்தான் பையன் முதலில் படித்தான். அது ஆயிரத்தொரு இரவுகள் என்பது பல வருஷம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அவருக்கு அடி விழுந்தது 1947இல். பொகோட்டாவில் சட்டம் படிக்கிறார். மாணவர்கள் தங்கும் மலிவான விடுதி. காஃப்காவின் 'உருமாற்றம்' நண்பன் வழியாகக் கைக்கு வருகிறது. ஒருவன் காலையில் கண் விழித்தால் பெரிய பூச்சியாகக் கிடக்கிறான். முதல் வரியிலேயே அது நடந்து முடிந்துவிடுகிறது, ஆசிரியர் ஒரு வார்த்தை சமாதானம் சொல்வதில்லை. இப்படியெல்லாம் எழுதலாமா, இது தெரிந்திருந்தால் எப்போதோ எழுத ஆரம்பித்திருப்பேனே என்று தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார். அவர் கேட்ட குரல் அவருடைய பாட்டியின் குரல். பிராக் நகரத்தில் ஜெர்மன் மொழியில் எழுதிய ஒருவர், அரகாட்டாகா கிழவியிடம் அவரைத் திருப்பி அனுப்பினார்.

அதே வருஷம் செப்டம்பரில் 'எல் எஸ்பெக்தாதோர்' நாளிதழில் அவருடைய முதல் கதை வந்தது. பத்திரிகை வாங்க ஐந்து சென்டாவோ கையில் இல்லையாம்.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்த முதல் கதையையும் அடுத்த நாலைந்து வருஷத்துக் கதைகளையும் தேடிப் படித்துப் பார். பிணங்கள் சவப்பெட்டிக்குள் படுத்து யோசித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அவற்றைப் படிக்கப் பொறுமை போதவில்லை. காஃப்காவின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிற பையன் அங்கே தெரிகிறான். ஆனால் அந்தப் பையன் அங்கே நடக்காமல் இருந்திருந்தால் 'தனிமையின் நூறு ஆண்டுக'ளில் வரும் மக்கோந்தோ என்ற ஊர் வந்திருக்காது. நடை ஒட்டிக்கொள்ளும், ஒட்டட்டும். எழுதித்தான் அதைக் கழிக்க வேண்டும். படிக்காமல் இருந்து தப்பிக்க முடியாது. படிக்காதவர்களின் எழுத்திலும் யாரோ ஒருவருடைய நடை இருக்கும், பெரும்பாலும் அது தொலைக்காட்சித் தொடருடையது.

1948 ஏப்ரல் 9 அன்று பொகோட்டாவில் கைத்தான் என்ற மக்கள் தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஊர் எரிந்தது, மார்க்கேஸ் தங்கியிருந்த விடுதியும் சேர்ந்து எரிந்தது, பல்கலைக்கழகத்தை மூடினார்கள். மார்க்கேஸ் கரைப்பக்கம் திரும்பிவந்து கார்த்தஹேனாவில் பத்திரிகை வேலையில் சேர்ந்தார். அங்கே குஸ்தாவோ இபார்ரா மெர்லானோ என்றொரு நண்பர். கிரேக்கர்களைப் படிக்காமல் நீ உருப்படியான எழுத்தாளன் ஆக மாட்டாய் என்று முகத்துக்கு நேரே சொல்லி, சோஃபோக்ளீஸைப் படிக்க வைத்தவர். கொலைகாரனைத் தேடிக்கொண்டு போகிறவன், தானே கொலைகாரன் என்று கண்டுகொள்ளும் ஈடிபஸ் கதை மார்க்கேஸைக் கடைசிவரை விடவில்லை. அவருடைய முதல் நாவல் 'இலைப்புயல்' கைப்பிரதியாக இருந்தபோது அதைப் படித்த இபார்ரா, இது அன்டிகனி கதை அல்லவா என்றார். ஊரே வெறுத்த ஒரு மருத்துவரின் பிணத்தைப் புதைப்பதா வேண்டாமா என்பதுதான் அந்த நாவல். மார்க்கேஸ் என்ன செய்தார் தெரியுமா? மறைக்கப் பார்க்கவில்லை. அன்டிகனியிலிருந்தே சில வரிகளை எடுத்து நாவலின் முகப்பில் வைத்துவிட்டார். கடனை முன்வாசலில் எழுதி வைக்கும் தைரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடுத்தது பர்ரன்கீயா, 1950. இந்தப் பகுதியை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. மார்க்கேஸ் குடியிருந்தது ஒரு விலைமாதர் விடுதி மாடியில். வாடகைக்குக் காசில்லாத இரவுகளில் நாவலின் கைப்பிரதியை வாசல்காரரிடம் அடகு வைத்துவிட்டுப் போய்ப் படுப்பாராம். பகலில் நாளிதழ் வேலை. மாலையில் புத்தகக்கடை, காப்பிக்கடை, நண்பர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் ரமோன் வின்யெஸ் என்ற கத்தலான் கிழவர். 'தனிமையின் நூறு ஆண்டுக'ளில் புத்தகக்கடை வைத்திருக்கும் கத்தலான் ஞானி நினைவிருக்கிறாரா, அவர்தான். புவனோஸ் அயர்ஸிலிருந்து புத்தகப் பெட்டி வந்து இறங்கினால் எல்லோரும் பாய்ந்து எடுத்துக் கைமாற்றிப் படித்து இரவெல்லாம் சண்டை போடுவார்கள். மார்க்கேஸ் எழுதிய தினப்பத்திக்குப் புனைபெயர் செப்டிமஸ். வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே'யில் வரும் மனம் சிதைந்த போர்வீரனின் பெயர் அது. லண்டன் தெருவில் ஒரு மோட்டார் வண்டி போகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு பத்தியிலேயே வுல்ஃப் அந்த நகரம் பிற்காலத்தில் புல் முளைத்துக் கிடக்கப்போவதையும் எழுதிவிடுகிறார். காலத்தைப் பற்றித் தான் வைத்திருந்த எண்ணத்தையே அந்தப் பத்தி மாற்றிவிட்டது என்றார் மார்க்கேஸ். மக்கோந்தோவின் அழிவை அங்கேதான் முதலில் பார்த்தார்.

அந்தச் சமயம் அவருடைய அம்மா வந்து, அரகாட்டாகா வீட்டை விற்க வேண்டும், கூட வா என்று கூப்பிடுகிறார். படகிலும் ரயிலிலும் போன அந்தப் பயணத்தில் அவர் கையில் இருந்தது ஃபாக்னரின் 'லைட் இன் ஆகஸ்ட்'. ஊர் புழுதியும் வெயிலுமாய்ச் செத்துக் கிடந்தது. ஃபாக்னர் தன் மிசிசிப்பி மாவட்டத்துக்கு ஒரு பொய்ப்பெயர் வைத்து, அந்தச் சின்ன இடத்தை நாவலுக்குமேல் நாவலாகத் தோண்டிக்கொண்டே இருந்தவர். தன் ஊரும் தோண்டத் தகுந்ததுதான் என்று மார்க்கேஸுக்கு அந்தப் பயணத்தில் உறைத்தது. ஆனால் விமரிசகர்கள் ஃபாக்னர், ஃபாக்னர் என்று சொல்லிக்கொண்டே இருந்தது அவருக்குச் சலிப்பைத் தந்தது. 1961இல் மனைவி, குழந்தையோடு நியூயார்க்கிலிருந்து மெக்சிகோவுக்கு பஸ்ஸில் அமெரிக்கத் தெற்கு வழியாகப் போனபோது சமாதானம் கிடைத்தது. அந்த ஊர்கள் அரகாட்டாகாபோலவே இருந்தன. இருக்காதா பின்னே? வாழைத்தோட்டத்து ஊர்களைக் கட்டி எழுப்பியதே யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்கக் கம்பெனிதான். ஆக ஒருவருடைய நடை இன்னொருவருக்குத் தொற்றியது என்பது பாதி உண்மை. அதே வெயில், அதே தோற்றுப்போன குடும்பங்கள் இரண்டு பேருக்கும் வாய்த்திருந்தன என்பது மீதி. உனக்கு ஒரு எழுத்தாளர் அளவுக்கு மீறிப் பிடித்தால் அவருடைய வாக்கியத்தைப் பிறகு பார். முதலில் அவருடைய ஊரைப் பார்.

ஹெமிங்வேயிடம் அவர் கற்றது வேறு. நாவலாசிரியர்கள் மற்றவர்களின் நாவலைப் படிப்பது அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் என்று 1981இல் ஒரு கட்டுரையில் எழுதினார். பக்கத்தைப் புரட்டிப்போட்டுத் தையலைப் பார்ப்பார்களாம். ஃபாக்னரைப் பிரித்தால் மறுபடி பூட்ட வராது. ஹெமிங்வேயின் திருகாணிகள் வெளியிலேயே தெரியும். அன்றாட எழுத்தை, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்ற ஹெமிங்வேயின் யோசனையைத்தான் தனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை என்றார். காலியாகும்வரை எழுதிவிட்டு மறுநாள் வெள்ளைத்தாளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். இதை நாளைக்கே செய்து பார்.

இப்போது உனக்கு வேண்டிய இடம். மெக்சிகோ போய்ச் சேர்ந்தபோது மார்க்கேஸுக்கு 34 வயது. எழுதியவை அதிகம் பேருக்குத் தெரியாது. 'வீடு' என்ற பெயரில் இருபது வயதில் தொடங்கிய பெரிய நாவலை எப்போதோ கைவிட்டிருந்தார். உள்ளே நாவல்கள் இருக்கின்றன, எழுதும் வழிதான் அடைபட்டுவிட்டது என்ற நிலை. ஒரு நாள் நண்பர் ஆல்வரோ மூத்திஸ் ஒரு கட்டுப் புத்தகத்தோடு மாடி ஏறிவந்து, அதில் இருப்பதிலேயே ஒல்லியானதை உருவி, இதைப் படித்துக் கற்றுக்கொள் என்று செல்லமாகத் திட்டியபடி நீட்டினார். ஹுவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பாரமோ', 1955இல் வந்தது. அன்றிரவு இரண்டு முறை படித்து முடித்த பிறகுதான் தூங்கினாராம். காஃப்காவைப் படித்த இரவுக்குப் பிறகு அப்படி ஓர் அதிர்ச்சி அவருக்கு வந்ததில்லை. அந்த வருஷம் மிச்ச நாளெல்லாம் வேறு யாரையும் படிக்க முடியவில்லை. முழுப் புத்தகத்தையும் ஒப்பிக்கும் அளவுக்குப் போய்விட்டார்.

இத்தனைக்கும் ருல்ஃபோ ஒரு காலத்தில் டயர் கம்பெனி விற்பனையாளர். ஒரு நாவல், ஒரு கதைத் தொகுதி என்று முந்நூறு பக்கத்துக்குள் பெரிய பெயர் வாங்கியவர். அப்பனைத் தேடி ஒருவன் கோமாலா என்ற ஊருக்குப் போகிறான். அவனோடு பேசுகிறவர்கள் எல்லோரும் செத்தவர்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிகிறது. காலம் துண்டு துண்டாகக் கிடக்கும்.

'தனிமையின் நூறு ஆண்டுக'ளை எழுத அவர் உட்கார்ந்தது 1965இல், 1967இல் வெளிவந்தது. மூத்திஸ் கொடுத்த புத்தகம் திறந்துவிட்ட வழி அது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதில் காஃப்காவும் இல்லை, ருல்ஃபோவும் இல்லை. பாட்டி இருக்கிறாள். தனக்கான சவத்துணியைத் தானே நெய்து முடித்து, படுத்துச் செத்துப்போன பெரியம்மா ஒருத்தி இருக்கிறாள். அவரே சொன்ன உண்மைச் சம்பவம் அது. பாட்டி எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் சொல்வாள், அந்த முகத்தைப் பிடித்தபோதுதான் நாவல் பிடிபட்டது என்றார்.

தமிழில் மார்க்கேஸ் வந்து இறங்கியபோது இந்த முகத்தைப் பலபேர் விட்டுவிட்டார்கள். பறக்கிற பெண்ணையும் பேசுகிற பிணத்தையும் எடுத்துக்கொண்டு மாய யதார்த்தம் என்று பெயர் வைத்தார்கள். நல்லதும் சில வந்தன, மிச்சம் வாணவேடிக்கை. நீ அந்தப் பக்கம் போகவில்லை, சந்தோஷம். ஆனால் உன் மூன்றாம் அத்தியாயத்தில், ஆச்சி இசக்கி அம்மனைப் பார்த்த இடத்தில், "பார்த்ததாக அவள் நம்பினாள்" என்று எழுதியிருக்கிறாய். என் அம்மாவை எனக்குத் தெரியாதா? "ராத்திரி இசக்கி வந்துட்டுப் போயிருக்கா, குடத்துல தண்ணி கொறஞ்சிருக்கு பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளுவாள். நம்பிக்கை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. படித்தவர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நீ ஆச்சிக்கும் வாசகனுக்கும் நடுவில் வந்து நிற்கிறாய். தயவுசெய்து விலகிக்கொள்.

புத்தகம் தேடுவதற்கு முன்னால், உன் அறுபது பக்கம் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார். எனக்குத் தெரிந்து காலத்தில்தான். ஆச்சியின் கல்யாணத்தில் தொடங்கி வரிசையாக வந்து, தாத்தா கிணறு வெட்டிய வருஷத்தில் மூச்சு முட்டி நிற்கிறாய். இதற்கு வுல்ஃபும் ருல்ஃபோவும் உதவலாம், ஹெமிங்வே உதவ மாட்டார். இன்னொரு முடிச்சுக்கு வேறு யாராவது வருவார்கள். எந்த வயதிலும் வருவார்கள்; 77 வயதில் வெளியிட்ட குறுநாவலுக்கு மார்க்கேஸ் போய் நின்றது ஜப்பானியரான கவபத்தாவின் வாசலில். அதையும் மறைக்காமல் முதல் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

மெக்சிகோவில் கார்லோஸ் வேலோ என்ற திரைப்பட இயக்குநர், 'பெத்ரோ பாரமோ'வைப் படமாக்குவதற்காக அதன் துண்டுகளை வெட்டிக் காலவரிசைப்படி அடுக்கிப் பார்த்தார். புத்தகம் தட்டையாகி, தையல் விட்டுப்போயிற்று. ஆனால் ருல்ஃபோவின் தச்சுவேலை எப்படிப்பட்டது என்பது அதைப் பார்த்துத்தான் தனக்கு நன்றாகப் புரிந்தது என்று எழுதினார் மார்க்கேஸ். நீ அதைத் தலைகீழாகச் செய். அறுபது பக்கத்தையும் அச்செடுத்து, சம்பவம் சம்பவமாகக் கத்தரித்துக் கூடத்துத் தரையில் பரப்பு. கிணறு வெட்டிய நாளை முதலில் வை. கல்யாணம் எங்கே போய் விழுகிறது என்று பார்த்து எழுது. பக்க எண்களை முன்கூட்டியே பென்சிலால் குறித்து வை, இல்லாவிட்டால் உன் தம்பி எல்லாவற்றையும் கலைத்துவிடுவான்.

அன்புடன்,
பெரியப்பா