முகம் காணாத இடத்தில் பிறக்கும் கொடுமை

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆண்டுவிழா ஒத்திகையில் பேசும்போது திக்கித் தடுமாறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சக மாணவன் அதைக் கைபேசியில் படம்பிடித்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இடுகிறான். அன்று மாலைக்குள் வகுப்பே பார்த்துச் சிரித்துவிடுகிறது. மறுநாள் முதல் அவனுக்குக் காலைதோறும் வயிற்றுவலி. பள்ளிக்குச் செல்ல மனமில்லை. பெற்றோர் காரணம் கேட்டால் மௌனமே பதில்.

வேண்டுமென்றே, மீண்டும் மீண்டும், வலிமை குறைந்தவரை நோகச் செய்வதே துன்புறுத்தல் என்று வரையறுத்தார் டான் ஓல்வேயஸ் என்னும் உளவியலறிஞர். இணையத்திலோ ஒருமுறை அனுப்பிய படமே பலர் கைமாறித் தொடர்துன்பமாகிறது. வீட்டுக் கதவை மூடினாலும் அது உள்ளே வந்துவிடுகிறது.

நேரில் இத்தனை கொடுமை செய்யத் துணியாத மாணவன் இணையத்தில் ஏன் துணிகிறான்? முகமும் பெயரும் மறைந்திருக்கும்போது மனத்தின் கட்டுப்பாடு தளர்வதை ஜான் சூலர் 2004-இல் விளக்கினார். எதிரில் இருப்பவரின் கண்ணீர் தெரிவதில்லை. ஆகவே இரக்கம் எழ வாய்ப்பும் இல்லை. ‘விளையாட்டுக்குத்தானே செய்தேன்’, ‘எல்லோரும்தானே அனுப்பினார்கள்’ என்று மனம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. ஆல்பர்ட் பந்தூரா இதனை மனசாட்சியிலிருந்து விலகிக்கொள்ளும் வழி என்று காட்டினார். துன்புறுத்துபவர்களுள் சிலர் முன்பு தாமே துன்புற்றவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

‘வெறும் கைபேசிச் செய்திதானே’ என்று பெரியவர்கள் எண்ணுவது தவறு. 2000-இல் கிப்ளிங் வில்லியம்ஸ் குழுவினர் கணினிப் பந்து விளையாட்டு ஒன்றின் மூலம் ஓர் ஆய்வை நடத்தினர். முன்பின் அறியாதவர்கள் பந்தை வீசாமல் ஒதுக்கியபோதுகூட, ஒதுக்கப்பட்டவர்கள் மனம் வருந்தினர். அறிந்த நண்பர்களே ஒதுக்கினால் இளம் உள்ளம் என்ன பாடுபடும்!

மனநல ஆலோசகரின் முதற்பணி அம்மாணவன் கூறுவதைக் குறுக்கிடாமல் கேட்பது. ‘தவறு உன்னுடையதன்று’ என்று உணர்த்துவது. கைபேசியைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சத்தாலேயே பல பிள்ளைகள் உண்மையை மறைக்கின்றனர். பெற்றோருக்கு இதை எடுத்துரைக்க வேண்டும். செய்திகளை அழிக்குமுன் சான்றாகச் சேமிப்பது நல்லது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. இருவரையும் எதிரெதிரே அமர்த்தி அவசரச் சமரசம் செய்விப்பதோ, வலிமை குறைந்தவனை மேலும் ஒடுக்கிவிடக்கூடும்.

துன்புறுத்தியவனுக்குத் தண்டனை மட்டும் போதாது. தன் செயல் எவ்வாறு புண்படுத்தியது என்பதை அவன் உணரவும், அதனைச் சரிசெய்யவும் வழிகாட்ட வேண்டும். பின்லாந்து நாட்டின் துர்க்கூ பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2009 முதல் நாடெங்கும் பரவிய ‘கிவா’ திட்டம் பார்வையாளர்களை மையமாகக் கொண்டது. சிரிப்பவர் இல்லையேல் கேலிக்குச் சுவையில்லை. ‘இதை அனுப்பாதே’ என்று ஒரு மாணவன் சொன்னாலும் சூழல் மாறத் தொடங்குகிறது.

நம் நாட்டில் 2014-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்துவதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் 14416 எண்ணிலும், குழந்தைகள் உதவி மையம் 1098 எண்ணிலும் உதவி பெறலாம்.

விரல் பொத்தானைத் தொடுமுன் ஒரு கணம் நின்று, ‘இதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேனா?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ள ஒவ்வொரு மாணவனும் பழகட்டும். முகம் காணாத இடத்திலும் மனிதன் இருக்கிறான் என்னும் நினைவே அவனைக் காக்கும், பிறரையும் காக்கும்.